இரண்டு பிள்ளைகள், ஒரு மிதி மெஷின்: திருப்பூர் லைன் வீட்டில் ஒரு தாய் தையலுக்கு நேரம் கண்ட விதம்

பதிவின் நோக்கம்

திருப்பூரில் நான் நடத்தும் தையல் வகுப்பில் நன்றாகக் கற்றுக்கொண்டு வரும் பெண்கள் பலர் பிள்ளை பிறந்ததும் நின்றுவிடுகிறார்கள். "கொஞ்சம் பெருசானதும் வர்றேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வருகிறவர்கள் குறைவு. மெஷின் வீட்டில்தான் இருக்கும், அதன் மேல் துணி மூட்டை ஏறியிருக்கும்.

அப்படி நின்றுபோன ஒருவர் மறுபடியும் எப்படித் தைக்கத் தொடங்கினார், எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை ஓர் ஆடி மாதத்திலிருந்து அடுத்த ஆடி வரை பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

கணவனும் மனைவியும் விருதுநகர் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். கணவர் நிட்டிங் கம்பெனியில் வேலை. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டிய லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. பொது வாசல். உப்புத் தண்ணீர் தினமும் வரும். நல்ல தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போது வேலையைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும்.

திருமணத்துக்குப் பின் அவரும் பனியன் கம்பெனிக்குப் போனார். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, இரண்டே வருடத்தில் ஓவர்லாக் (துணி ஓரத்தை மூட்டித் தைக்கும் மெஷின்) டெய்லர் ஆனார். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நின்றுவிட்டார். பிள்ளைக் காப்பகம் இருந்திருந்தால் போயிருப்பேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்திலும், 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 50 பேர் வேலை செய்யும் இடத்திலும் காப்பகம் இருக்க வேண்டும் என்று வைத்தன. அவர் வேலை பார்த்தது ஒரு வீட்டு மாடியில், மற்ற கம்பெனிகளின் வேலையைக் கூலிக்குச் செய்துகொடுத்த ஜாப் ஒர்க் யூனிட். அந்த எண்ணிக்கைகளுக்குள் அது வராது. இந்த ஊரில் அப்படிப்பட்ட யூனிட்டுகள் ஏராளம்.

மூத்தவள் நடக்கத் தொடங்கிய பிறகு என் வகுப்புக்கு வந்தார். கம்பெனியில் ஆயிரக்கணக்கான பனியனுக்குச் சைடு மூட்டியவர், ஒரு முழுச் சட்டையைக்கூட ஆரம்பம் முதல் கடைசி வரை தைத்ததில்லை. கட்டிங் ஒருவர், ஷோல்டர் ஒருவர், கழுத்து ஒருவர் என்று பிரித்துச் செய்யும் வேலையில் அது நேராது. முதல் முறையாக மகளுக்கு ஒரு கவுன் வெட்டி, மூட்டி, கீழ் ஓரம் மடித்து முடித்த அன்று அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வகுப்பு முடியும்வரை மடியில் வைத்திருந்தார். அவருக்குத் தையல் என்ன என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. காசு வந்தால் நல்லது. ஆனால் அவர் தேடியது, தொடங்கி முடித்த ஒரு பொருள்.

இரண்டாவது மகன் பிறந்ததும் வகுப்பு நின்றது. மகனுக்குப் பதினோரு மாதமும் மகளுக்கு நான்கு வயதும் ஆன ஆடி மாதத்தில் மீண்டும் வந்து, "பிளவுசைச் சீக்கிரமாத் தைக்க ஏதாவது வழி சொல்லுங்கக்கா" என்று கேட்டார். ஆவணி முகூர்த்தத்துக்கு அக்கம்பக்கத்தில் பிளவுஸ் கேட்கிறார்களாம், நேரம்தான் இல்லையாம்.

நாட்காட்டித் தாளில் ஒரு வாரம்

வேகமாகத் தைப்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால் ஒரு வாரத்துக்கு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அன்றன்று செய்ததை நேரத்தோடு குறித்துவரச் சொன்னேன். அழகாக எழுத வேண்டியதில்லை, "துணி துவைப்பு 10லிருந்து 10.40" என்று இருந்தால் போதும் என்றேன்.

வந்த தாள்களில் முதலில் கண்ணில் பட்டது வீட்டு வேலையின் அளவு. அதில் வியப்பில்லை. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரி 289 நிமிடங்கள் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிப்பது அதில் சேராது. அது தனிக் கணக்கு, பெண்களுக்கு 137, ஆண்களுக்கு 75. இவர் வீட்டில் ஒன்றரை ஷிப்டு நாட்களில் கணவரின் பங்கு குளித்துச் சாப்பிட்டுப் படுப்பதோடு முடிந்தது.

நான் எதிர்பாராதது வேறு. மகன் மதியம் தூளியில் தூங்கும் நேரம் சில நாள் முக்கால் மணி, சில நாள் ஒன்றரை மணி. மகள் அப்போது அங்கன்வாடியில் இருப்பாள், மதியச் சாப்பாடும் அங்கேயே. ஆக, தினமும் ஒரு துண்டு நேரம் கையில் இருந்தது. அந்தத் துண்டில் தையல் எவ்வளவு நடந்தது என்று பார்த்தால் மிகக் கொஞ்சம். மெஷின் மேல் அடுக்கியிருக்கும் மடித்த துணிகளை இறக்க வேண்டும். மெஷினை ஜன்னல் பக்கம் இழுக்க வேண்டும். பீரோவிலிருந்து துணி, சிலாப்பிலிருந்து கத்தரி, நூல் டப்பா. நேற்று எந்த இடத்தில் விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாபினில் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) நூல் தீர்ந்திருந்தால் சுற்ற வேண்டும். தைக்க உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தூளி அசையும். அவன் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும். முக்கால் மணித் தூக்கத்தில் எடுப்பதும் வைப்பதும் அரை மணி தின்றுவிட்டது.

நேரம் இல்லை என்று அவர் சொன்னது பொய்யல்ல. இருந்த நேரம் தையல் தொடங்குவதற்கு முன்பே செலவாகிக்கொண்டிருந்தது.

ஆவணி

தாள்களைப் பார்த்துப் பேசி முடிப்பதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. ஒப்புக்கொண்ட பிளவுசுகளைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். பகலில் ஓடாத வேலையை இரவுக்குத் தள்ளினார். கணவரும் பிள்ளைகளும் தூங்கிய பிறகு பத்தரை மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை. மகன் இரவில் பாலுக்கு எழுவதால் அதன்பிறகும் முழுத் தூக்கம் கிடையாது. தண்ணீர் வரும் நாளில் ஐந்து மணிக்கே எழ வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு பட்டு பிளவுசுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டார். தையல் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். கையின் முன் வளைவு, பின் வளைவை விட உள்ளே குழிவாக வரும். மடித்து வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும்போது துணியைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டுமே இடக்கையாகிவிடும். சேலையோடு வந்த பிளவுஸ் துணி அது; அதே நிறத்தில் கடையில் கிடைக்காது. கையில் ஒட்டு வைத்து, ஒட்டுத் தெரியாமல் பார்டரைத் திருப்பி ஒருவழியாகச் சமாளித்தார். கூலி வாங்கவில்லை. அந்த மாதம் முழுக்க மகளிடம் எரிந்து விழுந்ததாகவும், மெஷினைப் பார்த்தாலே வெறுப்பாக இருந்ததாகவும் பிறகு சொன்னார்.

இரவுத் தையலைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகள் தூங்கியபின் தைத்துத்தான் குடும்பத்தை நிமிர்த்தினேன் என்று சொல்லும் தாய்மார்களை நான் மதிக்கிறேன். வேறு வழியில்லாதபோது அவர்கள் செய்தது அது. கைக்குழந்தையோடு இருப்பவருக்கு அதை வழியாகக் காட்டுவது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

கொக்கி

புரட்டாசியில் ஒரு காலை. மகன் தவழ்ந்து மெஷின் அடியில் போயிருக்கிறான். பக்கத்து வீட்டு ஆத்தா வாசலில் இருந்தபடி பார்த்து, "ஏனுங் அம்மிணி, பையன் வாயில என்னமோ மினுங்குது பாருங்" என்று சத்தம் போட்டிருக்கிறார். நாக்கின் நுனியில் ஒரு பிளவுஸ் கொக்கி. நன்றாகத் தெரியும் இடத்தில் இருந்ததால் விரலால் எடுத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

(கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருந்தால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைப்பதோ, வாழைப்பழம் கொடுத்து இறக்கப் பார்ப்பதோ கூடாது. மூச்சு திணறினால் 108ஐ அழைக்க வேண்டும். மற்றபடி நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

அன்று மாலை மாமியாருக்குத் தொலைபேசியில் செய்தி போய், "பையன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் மெஷினைத் தொடாத, தாயி" என்று அவர் சொல்லிவிட்டார். கணவரும் அதையே சொன்னார். மெஷின் மேல் பழையபடி துணி ஏறியது.

முடிவுகளும் காரணங்களும்

ஒரு வாரம் கழித்து வகுப்பில் உட்கார்ந்து பேசினோம். மெஷினை மூன்று வருடம் மூடிவைக்கலாம் என்பதையும் நேர்மையாக எடைபோட்டோம். மாமியாரின் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மெஷினைத் தொடாமல் இருந்த அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோது, மூடிவைப்பது செலவில்லாத முடிவல்ல என்று எனக்குப் பட்டது. "நாள் முழுக்க செஞ்சதெல்லாம் மறுநாள் மறுபடி செய்யணும்க்கா. பாத்திரம், துணி, சோறு. தையல் ஒண்ணுதான் செஞ்சா செஞ்சபடி நிக்குது" என்றார்.

முதல் முடிவு, தீபாவளிக்குப் பிளவுஸ் தைக்க ஒப்புக்கொள்வதில்லை என்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நாள் தள்ளிப்போகாத வேலை அது. கேட்டு வந்தவர்களை என்னிடமே அனுப்பினார். வருமானம் விட்டுப்போனது, அதை ஈடுகட்ட, சேலைக்கு ஃபால்ஸ் (கீழ் ஓரத்தின் உள்பக்கம் தைக்கும் துணிப் பட்டை) வைப்பதும் முந்தானை நுனியில் குஞ்சம் கட்டுவதும் மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம், விட்ட இடத்தில் தொடரலாம்.

அடுத்தது வேலைகளைப் பிரித்தது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்காமல், நடுவில் விட்டால் கெடுமா, பிள்ளை பக்கத்தில் வந்தால் ஆபத்தா என்று இரண்டே கேள்விகள் கேட்டோம். நிறம் பார்த்துத் துணி பிரிப்பது, குஞ்சத்துக்குப் பட்டு நூலைச் சுற்றி அளவாக வெட்டி வைப்பது, குரோஷா பின்னுவது இவை பிள்ளை விழித்திருக்கும்போதும் நடக்கும். குரோஷாவில் கை விட்டால் இரண்டு கண்ணி அவிழும், அவ்வளவுதான். நேர்த் தையல், கொக்கி கட்டுவது, கை ஹெம்மிங் இவை தூங்கும்போது. அளவெடுத்து வெட்டுவது, இஸ்திரி போடுவது, கழுத்துத் திருப்புவது இவை இன்னொருவர் பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டால் மட்டும். கடைசி வகை வேலையை ஒருபோதும் மதியத் தூக்கத்தில் தொடங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆவணியில் கெட்டுப்போன கை அந்த வகையில்தான் வரும்.

எடுத்துவைக்கும் நேரத்தைக் குறைக்க மெஷினை ஜன்னலடியில் நிரந்தரமாக வைத்தார். அதன் மேல் இனி எதுவும் ஏறாது. மடித்த துணிக்கு ஒரு நைலான் கயிற்றுக் கட்டிலின் அடி இடமானது. மெஷினுக்கு மேலே, எட்டாத உயரத்தில், கணவர் ஒரு பலகை அடித்துக்கொடுத்தார். அதில் மூடியுள்ள ஒரே டப்பா. அடுத்து தைக்க வேண்டிய துண்டுகள், அதற்கான நூல், நிரப்பிய பாபின், "இடது சைடு மூட்டியாச்சு" என்று எழுதிய ஒரு சீட்டு எல்லாம் அதற்குள். இந்தச் சீட்டுதான் நான் மிகவும் சிபாரிசு செய்வது. விட்ட இடத்தைத் தேடும் நேரம் அதோடு போனது.

பாதுகாப்பில் வழி சொன்னது நானில்லை, அவர்தான். ஏற்றுமதி கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்து, நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அங்கே இருக்கும் துணியையெல்லாம் சோதிப்பார்கள். பிள்ளைகள் போடும் உடுப்பில் ஊசி முனை தங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் கட்டுப்பாடு அது. "ஊரு பிள்ளைக்குப் பாத்தத என் பிள்ளைக்குப் பாக்கலையே" என்று சொல்லி, அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொக்கிகளை அட்டையிலிருந்து எண்ணி எடுப்பது, தைத்தபின் மீதியை எண்ணி வைப்பது. குண்டூசிக்குப் பதில் துணிக் கிளிப். ஊசி ஒன்றுதான் வெளியே. ஊசி பொறுக்க வைத்திருந்த சிறு காந்தங்களைத் தூக்கிப்போடச் சொன்னேன். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தைக் குழந்தை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளில் இருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கக்கூடும். அது ஊசியை விடக் குறைந்த ஆபத்தல்ல.

மெஷினுக்கு மோட்டார் வைக்கலாமா என்றும் யோசித்தார்; வேகம் கூடும். வேண்டாம் என்று முடிவானது. மோட்டாரின் பெடல் தரையில் கிடக்கும், தவழும் பிள்ளையின் கை அதில் பட்டால் அம்மாவின் விரல் ஊசிக்கடியில் இருக்கும்போது மெஷின் ஓடும். மிதி மெஷினில் எழுந்ததும் தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டால் மேலே ஊசி அசையாது. கீழே சக்கரம் மட்டும் சுழலும். அதற்கும் ஒரு துணிப் பை தைத்து மாட்டினார்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. இதைத்தான் அவர் கேட்கவே தயங்கினார். வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற மனுசனுக்கு ஒரு நாள்தான் ஓய்வு என்றார். உங்களுக்கு எந்த நாள் ஓய்வு என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஐப்பசி முதல் மாசி வரை

மதியத் தையல் உடனே சீரானது. மெஷினுக்கு எண்ணெய் விட்டு, நான்கு காலுக்கும் கீழே பனியன் வேஸ்ட்டை மடித்து வைத்ததில் சத்தம் குறைந்தது. தூளிக் கயிற்றின் ஒரு நுனியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, மகன் அசைந்தால் ஆட்டிவிட்டுத் தைப்பார். தீபாவளிக்கு முன் மகளுக்குப் பாவாடை சட்டை முடிந்தது. மகனுக்குத் திட்டமிட்ட சட்டை முடியவில்லை, கடையில் வாங்கினார்கள். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் திரும்ப இரண்டு வாரம் ஆனது. அந்த நாட்களில் தையல் இல்லை.

ஞாயிறுத் திட்டம் தோற்றது. கணவர் மனதார ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் அவர் மகனைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால், உள்ளே அம்மாவின் மெஷின் சத்தம் கேட்கும், பையன் அழுவான். அவர் உள்ளே கொண்டுவந்து, "உன்னையத்தான் தேடுறான்" என்று கொடுத்துவிடுவார். மகளுக்குச் சடை பின்ன வேண்டும் என்பார். கறி எடுத்து வந்துவிட்டார் என்றால் மசாலா அரைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் அரை மணியாகக் கரைந்தது. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு வருத்தம்.

பக்கத்து வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு இருந்தவரோடு ஒரு மாற்று ஏற்பாடும் செய்துகொண்டார்: செவ்வாய் மதியம் இவர் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பார், வியாழன் அவர். மார்கழி வரை நன்றாகப் போனது. பொங்கல் கழித்து அந்தப் பெண் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். ஏற்பாடு அதோடு நின்றது. யார் மேலும் குறையில்லை.

மாசியில் ஞாயிறை மறுபடி எடுத்தோம். இந்த முறை வெளியே போக வேண்டியது பிள்ளைகள் அல்ல, அவர் என்று சொன்னேன். ஞாயிறு காலை என் வகுப்பறை சும்மாதான் இருக்கும். ஏழரை மணிக்கு மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு, துணிப் பையோடு இங்கே வந்துவிடுவார். பத்து மணி வரை இங்கேயே தைப்பார். காலைச் சாப்பாடு கடை இட்லி. கணவர் மகளோடு போய் வாங்கிவருவார்.

முதல் இரண்டு ஞாயிறும் கணவர் பலமுறை கூப்பிட்டார். டயப்பர் எங்கே, எந்தத் துணியைப் போட்டுவிட, அழுகிறானே என்ன செய்ய. மூன்றாவது வாரத்தில் அழைப்பு நின்றது. அம்மா கண்ணில் படாத வீட்டில் பையன் அப்பாவிடம் சமாதானமானான். அப்பாவும் அவர் போக்கில் ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டார். மகளுக்குச் சடை கோணலாக இருக்கும், பையன் சட்டையைப் பின்பக்கம் முன்னாக மாட்டியிருப்பான். அதைத் திருத்தச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன்.

இந்த நிகழ்வில் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டது இதுதான் என்பது என் கருத்து. டப்பா, சீட்டு, கிளிப் எல்லாம் துண்டு நேரத்தைக் காப்பாற்றின. வெட்டுவதற்கும் யோசித்து வடிவமைப்பதற்கும் துண்டு நேரம் போதாது. அதற்கு இடையூறில்லாத முழு நேரம் வேண்டும், முழு நேரத்தை இன்னொரு ஆள்தான் தர முடியும். எந்தச் சாமர்த்தியமும் அதற்கு மாற்றாகாது.

மூத்தவள்

மகளுக்கும் தைக்க வேண்டும் என்று ஆசை. அம்மாவின் கையை இழுப்பாள், நூலை உருவுவாள். வெங்காயம் வரும் வலைப் பையை அட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நுனி கெட்டியான ஷூ லேஸைக் கொடுத்தோம். அதில் மேலும் கீழும் கோத்துக்கொண்டிருப்பாள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பிள்ளைக்கு வேலை கொடுத்தால் நமக்கு நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. லேஸ் சிக்கும், "அம்மா பாரு" என்பாள், பார்க்க வேண்டும். நேரம் கூடுதலாகத்தான் போனது. ஆனால் இழுபறி போயிற்று. நிறம் பிரிப்பதில் அவள் கண் அம்மாவை விடக் கூர்மை என்று தெரிந்தது.

விரிப்பு

ஞாயிறுகள் நிலைத்ததும் அவர் கேட்டது பிளவுஸ் அல்ல. மகன் தரையில் படுத்துப் புரள ஒரு துண்டுத் துணி விரிப்பு. திருப்பூரில் அதற்குத் துணிக்குப் பஞ்சமே இல்லை; கட்டிங் வேஸ்ட்டை எடைக்கு வாங்கலாம். முதலில் வாங்கியது சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி. வெட்டியதும் ஓரம் சுருண்டுகொண்டது, சாதா மெஷினில் நேர்த் தையல் போட்டு இழுத்ததும் நூல் அறுந்தது. கம்பெனியில் ஓவர்லாக் தையல் துணியோடு சேர்ந்து இழுபடும். வீட்டு மெஷினில் அது நடக்காது. அடுத்து சுருளாத, இரட்டைப் பின்னலான இன்டர்லாக் துணியைப் பொறுக்கி எடுத்தார், பின்னல் இழையைக் குத்தாமல் விலக்கிப் போகும் உருண்டை முனை ஊசி போட்டார், தையலைப் பெரிதாக்கினார். அடியில் ஒரு பழைய சுங்குடிச் சேலை. அது இழுபடாததால் மேல்துணியையும் நிறுத்திப் பிடித்தது.

ஆறு அங்குல அட்டையை வைத்து ஞாயிறுகளில் சதுரங்கள் வெட்டினார். எட்டுச் சதுரம் ஒரு வரிசை, மொத்தம் பத்து வரிசை. ஒரு வரிசையை மூட்ட ஒரு மதியத் தூக்கம் சரியாக இருந்தது. நடுவில் மகன் எழுந்துவிட்டால் ஐந்து சதுரத்தோடு நின்று, சீட்டில் எழுதி டப்பாவில் போய்விடும். வரிசைகளை இணைப்பதும், சேலையோடு வைத்து நேர்கோடுகளாக அடிப்பதும் மறுபடி ஞாயிறு வேலை. மகனுக்கு அம்மை போட்ட சித்திரையில் மூன்று வாரம் தொடவே இல்லை. ஆனியில் முடிந்தது. ஒரு மூலையில் சதுரங்கள் அரை அங்குலம் விலகியிருந்தன. பிரிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்த ஆடியில் நிலைமை

இரவுத் தையல் இல்லை. ஃபால்ஸ், குஞ்சம் வேலை தொடர்கிறது. ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வைக்கிறார், அதனால் சேலை துவைத்தபின் சுருங்கி இழுப்பதில்லை என்று தெருவில் பெயர் கிடைத்திருக்கிறது. பிளவுஸ் தைத்திருந்தால் வந்திருக்கும் பணத்தை விட இது குறைவு, அதில் கணவருக்கு அவ்வப்போது முணுமுணுப்பு உண்டு. மதியத் தூக்கம் வாரத்தில் ஓரிரு நாளாவது தையலுக்கு வாய்க்காமல் போகிறது. தண்ணீர் வருகிறது, விருந்தாளி வருகிறார், இவருக்கே படுக்க வேண்டும்போல் இருக்கிறது. படுத்துவிடுகிறார். அதை நான் வரவேற்கிறேன்.

மாமியார் ஊரிலிருந்து வந்தபோது பலகையையும் டப்பாவையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது விரிப்பு மாதிரி தனக்கும் ஒன்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதுபோல இன்னொருவர் வந்தால் வரிசையை மாற்றுவேன். டப்பாவும் பலகையும் பிறகு. முதலில் கணவரோடு உட்கார்ந்து பேசுவது. இவர் விஷயத்தில் அது கடைசியாக வந்ததால் ஐந்து மாதம் வீணாயிற்று. பேசும்போது "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கேட்காமல், கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், தாய் எங்கே இருப்பார் என்பது வரை முடிவு செய்ய வேண்டும். ஒற்றைப் பெற்றோருக்கும், கணவர் வெளிநாட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்த ஏற்பாடு வேண்டும், ஒருவர் விலகினால் நின்றுபோகாத அளவுக்கு.

நாட்காட்டித் தாளில் எழுதும் வாரத்தை முகூர்த்த மாதத்துக்கு வெகு முன்பே வைக்க வேண்டும். முதல் வேலையாகப் பின்னல் துணி வேண்டாம். பழைய பருத்திச் சேலை, வேட்டி போன்ற நெய்த துணியில் தொடங்கினால் துண்டு நேரத்தில் தோல்வி குறையும். வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறதென்றால் முதல் வகுப்பிலேயே கொக்கியையும் ஊசியையும் எண்ணக் கற்றுத்தர வேண்டும். அளவு நாடாவைக் கையில் கொடுப்பதற்கு முன்பே.

ஞாயிறு காலை வகுப்பறை இப்போது சிறு பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கென்று திறந்திருக்கிறது. கட்டணம் இல்லை, பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. இவரோடு இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். மகன் இரண்டு வயது முடிந்து அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கியதும் கட்டோரி பிளவுஸ் (மார்புப் பகுதியைக் கிண்ண வடிவில் வெட்டித் தைப்பது) கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், தனக்காக.